மஞ்சள் வட்டத்துக்குள் ஒன்பது

1953ஆம் ஆண்டில் பெங்களூர் ஜோகுபாளையத்து லாரி டிரைவர் பெருமாள்சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அதுவரை இந்த உலகத்தில் அவர் சந்தேகப்படாமல் விட்டுவைத்தது ஒன்றே ஒன்றைத்தான். அவர் ஓட்டிய லாரியின் முகத்தில், மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பு பெயிண்டில் எழுதியிருந்த 9 என்ற எண் அது.

மற்றதெல்லாம் விசாரணைக்கு உட்பட்டதுதான். பால்காரி ஊற்றும் பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். டீக்கடையில் தம்ளரை வாங்கித் தானே மறுபடியும் கழுவுவார். பெண் பார்க்கப் போன அன்று, பெண் வீட்டுக்குள் நுழையுமுன் தெருமுனைத் தையற்காரரிடம் அரைமணி நேரம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அது அந்தப் பெண் லட்சுமம்மாவுக்குத் தெரிந்துபோய், கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் சொல்லிக் காட்டுவாள்.

"அந்தத் தையக்காரன் இன்னா சொன்னான்னு இன்னிவரைக்கும் வாயைத் தொறக்கலியேய்யா நீ."

இந்தக் குணம் அவரோடு பிறந்ததல்ல. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டிக் கரிப்புகையில் ஓட்டினார்கள். கல்யாணத்துக்கு முன் பெருமாள்சாமி ஓசூர் பாதையில் அப்படி ஒரு பஸ் ஓட்டினார். கரிக்காரன் எடை கூடட்டும் என்று கரியை நனைத்து விற்றான். முதலாளி மலிவாகக் கிடைக்கிறதே என்று தெரிந்தே வாங்கினார். ஒருநாள் மேட்டில் மூச்சு முட்டி நின்ற பஸ், பின்பக்கமாக உருண்டு புளியமரத்தில் சாய்ந்தது. டிரைவர் தூங்கிவிட்டான் என்று எழுதினார்கள். வேலை போயிற்று. அன்று முதல், பிறர் கைபட்ட எதையும் தான் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவர் அந்த ஒன்பதை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது.

லாரி சந்தானத்துடையது. சந்தானத்தின் தகப்பனார் மைசூர் சமஸ்தானத்தில் மராமத்து இலாகா உத்தியோகஸ்தர். பிள்ளைக்கு நாற்காலி பிடிக்கவில்லை. சுதந்திரம் வந்த வருஷம், மிலிடரிக்காரர்கள் கழித்துவிட்ட வண்டிகளை டிஸ்போசல் ஏலத்தில் விற்றபோது, கனடாவில் செய்த மூன்று டன் லாரி ஒன்றை எடுத்தார். முன்பக்கம் அடிபட்ட மூக்கு மாதிரி சப்பையாக இருந்ததால் தெருவில் அதற்குச் சப்பைமூக்கி என்று பெயர். பின்கட்டை வெட்டிக் குட்டையாக்கி, தடித்த கொக்கி ஒன்றை வைத்து, இழுக்கிற வேலைக்கு விட்டார். நடுவழியில் நின்ற பஸ், கடைசல் இயந்திரம், உடைந்த ரோடு ரோலரின் பாதி என்று எதையெதையோ அது இழுத்தது.

முன் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும், பின் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும், எவ்வளவு இழுக்கலாம் என்றெல்லாம் பொறித்த பித்தளைத் தகடு டிரைவர் சீட்டுக்கு எதிரே ஒருகாலத்தில் இருந்திருக்க வேண்டும். ஏலத்துக்கு முன்பே யாரோ பித்தளைக்காகப் பெயர்த்துவிட்டார்கள். ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. வண்டியைப் பற்றி வண்டியிலேயே மிஞ்சிய ஒரே எண், முகத்தில் இருந்த 9.

"ஒன்பது டன் இழுக்கும்னு அர்த்தம்," என்றார்கள் ஏலத்தில் நின்றவர்கள். பெருமாள்சாமி யோசித்துப் பார்த்துச் சந்தானத்திடம் சொன்னார்: "விக்கிறவன் எழுதியிருந்தா நம்பமாட்டேன் சாமி. இது சண்டைக்குப் போறவன் எழுதினது. அவன் யாரை ஏமாத்தணும்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த வட்டத்துக்கு மஞ்சள் பெயிண்ட், எண்ணுக்குக் கறுப்பு பெயிண்ட். வேறு யாரையும் பிரஷ்ஷைத் தொட விடமாட்டார். காய்ந்ததும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை கிளீனர் செய்தால் போதும். ஒன்பதுக்குப் பொட்டு வைப்பது மட்டும் பெருமாள்சாமியின் கை.

ஆடி மாதம் சந்தானத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஓசூர் ரோட்டில் சந்தாபுராவுக்கு அருகே புதிதாக எழும்பும் மில்லுக்கு, ரயிலில் வந்திறங்கிய பாய்லரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாய்லரின் தகட்டில் ஏழு டன் என்று அடித்திருந்தது. அதை ஏற்றும் தாழ்ந்த ட்ரெயிலர் இரண்டு டன். சந்தானம் கூட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பகவான் கணக்குப் போட்டு அனுப்பிச்சிருக்கார் பாரு. சரியா ஒன்பது."

ட்ரெயிலரின் வாலில் ஒரு இரும்பு சீட்டும் ஒரு பிரேக் சக்கரமும் இருந்தன. சரிவில் ட்ரெயிலர் முன்னால் இருக்கும் லாரியைத் தள்ளாமலிருக்க, ஒரு ஆள் அங்கே உட்கார்ந்து சக்கரத்தை முறுக்க வேண்டும். ஏதாவது தவறினால் தப்பிக்க முடியாதவன் முதலில் அவன்தான். பின்னாலிருந்து குதித்தால் ரோடு, முன்னால் விழுந்தால் பாய்லர். அந்த சீட்டில் உட்காரப் போகிறவன் லட்சுமம்மாவின் தம்பி கிருஷ்ணப்பா. முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். பாய்லர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சந்தானம் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை கண்டோன்மென்ட் ஸ்டேஷன் குட்ஸ் ஷெட்டிலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த சந்தானத்தின் கொட்டகைக்கு பாய்லரை இழுத்து வந்தார்கள். அங்கே சங்கிலி கட்டிச் சரிபார்த்து வெள்ளிக்கிழமை புறப்படுவதாக ஏற்பாடு. அல்சூர் ஏரியை ஒட்டி மேடேறும்போது பெருமாள்சாமியின் கையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது. எப்போதும் இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டிய ஸ்டியரிங், ஒரு விரலால் திருப்பினால் திரும்பியது. ஆனால் வண்டி திரும்பவில்லை.

சமதரை வந்ததும் சரியாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பெருமாள்சாமியின் முதுகு மட்டும் வேர்த்திருந்தது.

முதலில் அவர் சந்தேகப்பட்டது மில்காரர்களின் ஏஜெண்டை. ஏழு என்று தகடு அடித்துவிட்டுப் பத்து டன்னை ஏற்றிவிட்டான் என்று முடிவு கட்டினார். மறுபடி ஸ்டேஷனுக்குப் போய், பாய்லர் வந்த ரயில் வாகனின் எடைச் சீட்டை குட்ஸ் கிளார்க்கிடம் கெஞ்சிப் படிக்கச் சொன்னார். அதிலும் ஏழுதான். ஏஜெண்டுக்கு விஷயம் தெரிந்து, "உங்க டிரைவர் என்ன போலீஸா?" என்று சந்தானத்திடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை சந்தேகம் கோவிந்தன் மேல் திரும்பியது. சந்தானத்தின் இன்னொரு லாரியை ஓட்டுகிறவன். சப்பைமூக்கியை ஓட்ட அவனுக்கு நெடுநாள் ஆசை. போன வாரம் ஸ்டியரிங் பெட்டிக்கு கிரீஸ் போட்டவனும் அவன்தான். பெருமாள்சாமி பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பல்லாகத் தடவினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தன் கிரீஸை அவர் துணியில் துடைத்து முகர்ந்து பார்ப்பதைக் கோவிந்தன் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

"நக்கிப் பாருண்ணே. உப்பு போட்டிருக்கேனான்னு தெரிஞ்சிடும்."

புதன்கிழமை டயர் கடைக்காரர். பழைய டயரைப் புதிதென்று மாட்டிவிட்டாரோ என்று கேட்டதற்கு, அவர் கடையை விட்டு இறங்கி வந்து, இனி தன் கடை வாசலில் லாரியை நிறுத்த வேண்டாம் என்று கும்பிட்டார்.

வியாழக்கிழமை காலையில் பெருமாள்சாமியோடு பேசுவதற்குக் கொட்டகையில் ஆளில்லை. ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனார். திங்கட்கிழமை ஸ்டியரிங் லேசான அதே இடத்தில் ரோட்டில் ஏதாவது கோளாறு உண்டா என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது, ஏரியோரம், பாலம் போடுவதே வேலையான சாப்பர்ஸ் பட்டாளத்துக்காரர்கள் பயிற்சிக்காகப் போட்டிருந்த இரும்புப் பாலம் கண்ணில் பட்டது. பாலத்தின் முகப்பில் ஒரு தட்டி. தட்டியில் மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் கறுப்பில் ஒரு எண்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். லாரிக்கு எழுதுவது சரி. பாலம் எதை இழுக்கப் போகிறது?

பாலத்தடியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஹவில்தார் தியோடர், வேலூர்க்காரர். வெகுநேரமாகத் தட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்து எழுந்து வந்தார்.

"இன்னாண்ணே, பாலத்தை மொறைச்சிக்கினு நிக்கிறீங்க?"

"இந்த நம்பர் எதுக்கு?"

"பாலம் எவ்ளோ பாரம் தாங்கும்னு."

"இதே நம்பர் லாரி மூஞ்சில இருந்தா?"

"அந்த லாரி சரக்கோட பாலத்து மேல ஏறினா எவ்ளோ பாரம்னு. லாரி நம்பர் பாலத்து நம்பரை விட ஜாஸ்தியா இருந்தா ஏத்தமாட்டோம். அவ்ளோதான்."

"இழுக்கிறதுக்கு?"

தியோடர் புரியாமல் பார்த்தார். "இழுக்கிறதுக்கும் அதுக்கும் இன்னாண்ணே சம்பந்தம்?"

பெருமாள்சாமி தரையில் குந்திவிட்டார். அப்படியானால் அந்த ஒன்பதுக்குள் லாரியின் சொந்த உடம்பே அடக்கம். முதுகில் ஏற்றும் மூட்டையும் அடக்கம். வெளியே கொக்கியில் மாட்டி இழுக்க அதில் ஒரு ராத்தல்கூட எழுதவில்லை. திங்கட்கிழமை நடந்தது அப்போது புரிந்தது. ட்ரெயிலரின் மூக்கு கொக்கியில் தொங்கிற்று. கொக்கி பின் ஆக்ஸிலை அழுத்த, மேட்டில் முன் சக்கரங்கள் தரையிலிருந்து எழும்பப் பார்த்திருக்கின்றன. ஏறும்போது அது. ஓசூர் ரோட்டில் இறங்கும்போது, தன் பாரத்தை மட்டும் பிடித்து நிறுத்தத் தெரிந்த பிரேக்கை வைத்துக்கொண்டு, பின்னால் தள்ளுகிற ஒன்பது டன்னை எப்படி நிறுத்துவது? வாலில் உட்கார்ந்து ஒற்றைச் சக்கரத்தை முறுக்கிக்கொண்டிருப்பவன் கிருஷ்ணப்பா.

நேரே சந்தானத்திடம் போனார். சந்தானம் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"திங்கக்கிழமை பாய்லர் தகடு பொய்யின்னே. செவ்வாக்கிழமை கோவிந்தன். நேத்து டயர் கடைக்காரன். இன்னிக்கு நம்பரே பொய்யிங்கறே. நாளைக்கு நான்தான் பாக்கி."

"நம்பர் பொய்யில்ல சாமி. நாமதான் தப்பா படிச்சிட்டோம்."

"நாமளா?" சந்தானத்தின் குரல் உயரவில்லை. "வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சுப் பொட்டு வெச்சது யாரு? எதையும் நம்பாதவன் இதை நம்பறானேன்னு, உன்னைப் பார்த்துத்தானய்யா நான் நம்பினேன். மில்காரா கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. உனக்கு பயமா இருந்தா சாவியைக் கோவிந்தன் கிட்ட குடு."

பெருமாள்சாமி மடியை அவிழ்த்தார். சாவியைக் கொடுத்தார்.

வீட்டில் கிருஷ்ணப்பா அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெருமாள்சாமி பாலத்தையும் வட்டத்தையும் பற்றிச் சொன்னார். கேட்டுவிட்டு லட்சுமம்மா தம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இது நெஜமாவா, இல்ல எப்பவும் போலயா?"

"நெஜம்."

"எப்பவும் அப்படித்தான் சொல்றே."

கிருஷ்ணப்பா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். "மாமா, நீங்க டீ கிளாஸைக் கழுவுறீங்க, சரி. டயர்காரரைத் திட்டுறீங்க, சரி. சும்மனே ஏன் என் வேலையில கை வைக்கிறீங்க? நாளைக்கு உக்காந்தாதான் எனக்கு வேலை. இல்லன்னா மார்க்கெட்ல மூட்டைதான். அந்த நம்பரை எழுதினதே நீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

"போங்க மாமா. திங்கக்கிழமை ஏறிச்சு. வெள்ளிக்கிழமை ஏறாதா?"

"ஏர்றதைப் பத்தி யார்றா பேசினா," என்றார் பெருமாள்சாமி. அதற்குள் அவன் கை கழுவ எழுந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன் கொட்டகையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாய்லர் ஒன்று ரோட்டில் போகிறது என்றால் வேலைக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். கற்பூரம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்தார்கள். கோவிந்தன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கிருஷ்ணப்பா ட்ரெயிலர் வாலில் ஏறி, சீட்டில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பெருமாள்சாமி பின்னால் போய் நின்றார்.

"எறங்கு."

"மாமா, ஜனம் பாக்குது."

"பாக்கட்டும். எறங்கு. நான் உக்கார்றேன்."

கிருஷ்ணப்பா அவர் முகத்தைப் பார்த்தான். பிறர் ஊற்றிய டீயைக்கூடக் குடிக்காத மனுஷன், தானே ஆகாது என்று சொல்கிற வண்டியின் வாலில் உட்காரக் கால் தூக்குகிறார். அவன் மெதுவாக இறங்கினான். துண்டை எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தானத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவன் பிரேக்கில் உட்கார்ந்தால் சரி என்று நினைத்தார் போலிருக்கிறது. கையை வீசினார். கோவிந்தன் கியரைப் போட்டான்.

கொட்டகையின் வாசல் ரோட்டை நோக்கி ஒரு சரிவு. பெரிய சரிவில்லை, குழந்தைகள் டயர் உருட்டி விளையாடும் சரிவு. லாரியின் முன் சக்கரங்கள் அதில் இறங்கும்வரை ஒன்றுமில்லை. ட்ரெயிலரும் சரிவில் தலை வைத்ததும், சங்கிலிகள் ஒருமுறை முனகின. பெருமாள்சாமி பிரேக் சக்கரத்தை முறுக்கத் தொடங்கினார். சக்கரம் சுற்றிற்று, பிரேக் கட்டைகள் புகைந்தன, ட்ரெயிலர் நிற்கவில்லை. லாரியைப் பின்னாலிருந்து தோளால் இடிப்பது மாதிரி இடித்தது. கோவிந்தன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். லாரி நேராகவே போயிற்று. எதிரே ரோடு, ரோட்டுக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

பெருமாள்சாமி எழுந்து நின்று, இரண்டு கையாலும் முழு உடம்பாலும் சக்கரத்தைக் கடைசிவரை முறுக்கி, அதன் மேலேயே தொங்கினார். ட்ரெயிலரின் ஒரு பக்கம் மட்டும் கடித்துப் பிடித்தது. வால் வளைந்தது. லாரியின் பின்பக்கம் குறுக்கே தள்ளப்பட்டு, முன் சக்கரம் வாசலோரச் சாக்கடையில் இறங்கியது. துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. பின் ஆக்ஸில் கூடு விரிசல் விட்டு, கறுப்பு எண்ணெய் மண்ணில் ஒழுகியது. பாய்லர் சங்கிலிக்குள் அப்படியே இருந்தது. யாருக்கும் அடியில்லை. பெருமாள்சாமியின் உள்ளங்கைத் தோல் மட்டும் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

கூட்டம் பேச ஆரம்பிப்பதற்கு முன் சந்தானம் பேசினார்.

"அது தள்ளித்தா, இல்லே நீ முறுக்கிக் கவுத்தியா?"

பெருமாள்சாமி கைகளை வேட்டியில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நீ சொன்னபடி ஆகணுமேன்னு பிரேக்கைப் பிடிச்சிட்டே. நேத்தே இதைத் திட்டம் போட்டாச்சு. அதான் மச்சினனை இறக்கிட்டு நீ ஏறினே." சந்தானம் கோவிந்தன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. என்ன ஆச்சு?"

கோவிந்தன் ஸ்டியரிங்கை விட்டு இன்னும் கையை எடுக்கவில்லை. "ஸ்டியரிங் கேக்கல சாமி. தள்ளிச்சு." கொஞ்சம் யோசித்தான். "பின்னால இருந்து இழுக்கவும் இழுத்திச்சு."

சந்தானத்துக்குப் பின்பாதி போதுமானதாக இருந்தது. உடைந்த ஆக்ஸிலுக்குப் பழி சுமக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எதிரிலேயே நின்றான். ஒரு புளியமரம் பெருமாள்சாமியின் நினைவில் வந்து போயிற்று. அவருடைய இடத்தில் இன்னொருவன் நின்றிருந்தால், அவரும் அவனை அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பார். அது அவருக்குத் தெரிந்தது.

"நாளையிலேர்ந்து வராதே," என்றார் சந்தானம்.

வீட்டுக்கு நடந்து போகும் வழியில் கிருஷ்ணப்பா கூடவே வந்தான். ஜோகுபாளையம் திரும்பும் இடத்தில் அவன் கேட்டான்.

"மாமா, எங்கிட்டயாவது சொல்லுங்க. நெஜமாவே அது தள்ளிச்சா, நீங்களா புடிச்சீங்களா?"

"ரெண்டும்."

"நான் உக்காந்திருந்தா?"

"நீ இவ்ளோ முறுக்கியிருக்க மாட்டே. தள்ளாதுன்னு நம்பிக்கினு இருந்திருப்பே."

லட்சுமம்மா கைகளைப் பார்த்தாள். மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்து அப்பித் துணி சுற்றினாள். எப்படி ஆயிற்று என்று தம்பியிடம்தான் கேட்டாள். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, ஒரு தம்ளரில் டீ ஊற்றிப் புருஷன் முன்னால் வைத்தாள். பெருமாள்சாமியால் தம்ளரைக் கழுவ முடியவில்லை. கை இரண்டும் கட்டுப்போட்டிருந்தது. அவளே வாயருகே பிடிக்க, அப்படியே குடித்தார்.

மறுவாரம் சந்தானம், மாகடியிலிருந்து கல் இழுக்கும் வண்டிக்காரர்களை மாடுகளோடு வரவழைத்தார். பாய்லர் வழியெல்லாம் கூட்டம் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சந்தாபுரா போய்ச் சேர்ந்தது. ட்ரெயிலரின் பிரேக் சக்கரத்தில் உட்கார்ந்து போனவன் கிருஷ்ணப்பா. சரிவு தெரிவதற்கு வெகு முன்பே முறுக்கத் தொடங்கிவிடுகிறான் என்று வண்டிக்காரர்கள் வழிநெடுக அவனைத் திட்டினார்கள்.